மண்ணுக்குள் பட்ட அடி: கேபிள் ஃபால்ட் எங்கிருந்து வருகிறது?

பெங்களூரில் மழை கொட்டும்போது கரண்ட் போனால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. மே மாதக் காற்றில் குல்மொஹர் கிளை ஒன்று முறிந்து கம்பியில் சாயும், தெரு இருண்டுவிடும். ஆனால் மழை விட்டு ஒரு நாள் ஆகி, தெருவெல்லாம் காய்ந்த பிறகு, இலைகூட அசையாத ராத்திரியில் அல்சூரின் ஒரு பக்கம் முழுக்க இருட்டானால் எல்லாரும் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். "மழையும் இல்ல, காத்தும் இல்ல, எப்படிப் போச்சு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். சற்று நேரத்தில் பவர்மேன் வந்து கன்னடத்தில் ஒரே வரி சொல்லிவிட்டுப் போகிறார்: "யூ.ஜி. கேபிள் ஃபால்ட் ஆகிதெ." மண்ணுக்கு அடியில் போகும் கேபிளில் பழுது என்று அர்த்தம்.

கேபிள் பதிக்கிற வேலை, பழுது பார்க்கிற வேலை இரண்டையும் பல வருடங்கள் கூடவே நின்று பார்த்தவன் நான். அதில் எனக்குப் புரிந்த முதல் விஷயம் இதுதான்: கேபிள் அடிபடுவது ஒரு நாள், சாவது வேறொரு நாள். நடுவில் ஆறு மாதம் ஓடியிருக்கலாம், ஆறு வருடமும் ஓடியிருக்கலாம். கரண்ட் போன ராத்திரியை மட்டும் பார்த்தால் காரணம் பிடிபடாது.

தெருவுக்கு அடியில் போகும் 11 கே.வி., அதாவது 11,000 வோல்ட் கேபிள் ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் முழங்கைப் பருமன் இருக்கும். வெளியே தடித்த பிளாஸ்டிக் உறை. அதற்குள் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டைகள் சுற்றிய கவசம். அதற்குள் இன்னொரு உறை. அப்புறம்தான் மூன்று கோர்கள். ஒவ்வொரு கோருக்கும் நடுவில் அலுமினியம், அதன்மேல் கறுப்பு நிற அரைக்கடத்திப் படலம், அதன்மேல் பால் நிறத்தில் எக்ஸ்.எல்.பி.இ. என்கிற காப்புப் பொருள், மறுபடி ஒரு கறுப்புப் படலம், கடைசியாகச் செம்பு நாடா. இவ்வளவு அடுக்கு இருந்தாலும் மின்சாரத்தை அடக்கி வைத்திருப்பது அந்தப் பால் நிற அடுக்கு ஒன்றுதான். அதன் தடிமன் சுமார் மூன்றரை மில்லிமீட்டர். பத்து ரூபாய் நாணயம் இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். அதன் ஒரு பக்கம் 6,350 வோல்ட், மறுபக்கம் பூமி. (11,000 என்பது இரண்டு கோர்களுக்கு நடுவே இருக்கும் வோல்டேஜ்.) மற்ற அடுக்குகள் எல்லாம் இந்த ஒன்றைக் காப்பாற்றத்தான் இருக்கின்றன.

இதற்கு எமன் தண்ணீர். வெளியுறையில் ஒரு கிழிசல் இருந்தால் மண்ணின் ஈரம் மெல்ல உள்ளே இறங்கும். முதலில் இரும்புக் கவசம் துருப்பிடிக்கும். பிறகு ஈரம் காப்பு அடுக்கைத் தொடும். அங்கே மின்புலமும் ஈரமும் சேர்ந்து, வேர் பிரிவதுபோலக் கண்ணுக்குத் தெரியாத இழைகளாக எக்ஸ்.எல்.பி.இ.க்குள் பரவும். இதைத் தொழிலில் 'வாட்டர் ட்ரீ' என்பார்கள். அது வளர வருடங்கள் ஆகும். அதுவரை கேபிள் எந்தக் குறையும் காட்டாமல் ஓடும், வீட்டில் ஃபேன் சுற்றும். காப்பு ஓர் இடத்தில் போதுமான அளவு மெலிந்ததும், ஏதோ ஒரு ராத்திரி லோடு ஏறும்போதோ, வேறெங்கோ ஸ்விட்ச் போட்டதில் வோல்டேஜ் துள்ளும்போதோ, அங்கே ஓட்டை விழுந்துவிடும். மேலே பெய்த மழை மண்ணில் இறங்கி முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் ஆழத்துக்குப் போய்ச் சேரவும் நேரம் பிடிக்கிறது. மழை விட்ட பிறகு கரண்ட் போவது இதனால்தான்.

ஃபீடர், அதாவது துணை மின்நிலையத்திலிருந்து வரும் மின்பாதை, பழுதால் தானாக அணைந்து டிரிப் ஆனதும் ஜனங்கள் கேட்கும் முதல் விஷயம், "ஒரு தடவை போட்டுத்தான் பாருங்களேன் சார்." மேலே போகும் கம்பியில் இது சரி. அங்கே காப்பு என்பது காற்று. கிளை உரசித் தீப்பொறி பறந்தாலும், கரண்ட்டை நிறுத்தியதும் புதுக் காற்று வந்து அந்த இடத்தை நிரப்பிவிடும். மறுபடி போட்டால் நிற்கும். கேபிளில் அப்படி இல்லை. எரிந்து கரியான காப்பு திரும்ப முளைக்காது. மறுபடி மறுபடி போட்டால் ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கான ஆம்பியர் அந்தக் காயத்தின் வழியே பாயும். வழியில் கேபிள் துண்டுகளை இணைத்திருக்கும் நல்ல ஜாயிண்ட்களும் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பழுது ஒரு கடப்பாரைக் குத்தினால் வந்திருந்தால், குத்தியவர் இன்னும் அந்தக் குழியிலேயே நின்றுகொண்டிருக்கலாம். டிரிப் ஆன கேபிளைச் சோதிக்காமல் திரும்பப் போட மறுக்கிற ஆபரேட்டர் சரியான வேலை செய்கிறார். அவரைத் திட்டக்கூடாது.

கேபிளைச் சரிசெய்யும் முன்பே கரண்ட்டைத் திரும்பக் கொடுக்க ஒரு வழி இருக்கிறது. நகரத்தில் கேபிள்களைப் பெரும்பாலும் வளையமாக அமைக்கிறார்கள். நடைபாதை ஓரம் நிற்கும் இரும்புப் பெட்டிகளில் சில ஆர்.எம்.யூ. எனப்படும் ஸ்விட்ச் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் கேபிள் உள்ளே வந்து வெளியே போகும். ஃபால்ட் கரண்ட் தன் வழியே போனதா என்று காட்டும் சின்னக் கருவி சில பெட்டிகளில் இருக்கும். இந்தப் பெட்டி வரை போயிருக்கிறது, அடுத்த பெட்டியில் இல்லை என்றால் பழுது இரண்டுக்கும் நடுவே. அந்தத் துண்டை மட்டும் இருபுறமும் கழற்றிவிட்டு, மீதிக்கு மறுபக்கத்திலிருந்து கரண்ட் கொடுக்கலாம். எதிர்வீட்டுக்கு வந்து நமக்கு வராமல் போவதற்கு வழக்கமான காரணம் இதுதான். இதில் ஆள் பார்த்துச் செய்வது ஒன்றும் இல்லை. எதிர்வீடு வேறு டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது, நம் டிரான்ஸ்ஃபார்மர் செத்த துண்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அல்சூரில் நான் சொன்ன அந்த ராத்திரியும் அப்படித்தான். ஒன்றரை மணிக்குள் பெரும்பாலான தெருக்களுக்குக் கரண்ட் வந்துவிட்டது. ஒரு டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் பாக்கி. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருந்த கேபிளின் நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர். அதில் பழுது எங்கே?

முதலில் கேபிளை இருபுறமும் பிரித்து எர்த் செய்தார்கள். கேபிள் ஒரு பெரிய மின்தேக்கி. ஸ்விட்சை அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும், அதை வடிக்காமல் கை வைக்கக்கூடாது. பிறகு காப்பின் மின்தடையை அளக்கும் மெகர் வைத்து ஒவ்வொரு கோரையும் பார்த்தார்கள். இரண்டு கோர்கள் நன்றாக இருந்தன, மூன்றாவது பூமியோடு சேர்ந்திருந்தது. அடுத்து, கேபிளுக்குள் ஒரு சின்ன மின்துடிப்பை அனுப்பும் கருவி. துடிப்பு பழுதில் மோதித் திரும்பி வரும். கிணற்றில் கூப்பிட்டால் எதிரொலி வருகிற அதே கணக்குதான். எக்ஸ்.எல்.பி.இ. கேபிளில் துடிப்பு ஒரு மைக்ரோ விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் ஓடும். போய் வர ஏழரை மைக்ரோ விநாடி ஆனால், பழுது ஏறக்குறைய 640 மீட்டரில் இருக்கிறது.

இந்தக் கருவிகள் வருவதற்கு முன்பு பழைய ஜாயிண்டர்கள் இதைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்தார்கள். நல்ல கோரையும் பழுதான கோரையும் மறுமுனையில் சேர்த்துக் கட்டி, இந்த முனையில் மின்தடைப் பாலம் ஒன்றைச் சமன்செய்து, விகிதத்திலிருந்து தூரத்தை எடுப்பார்கள். மர்ரே லூப் என்று பெயர். இன்றைக்கும் அது வேலை செய்கிறது.

640 மீட்டர் என்பது கேபிளின் நீளம். தெருவின் நீளம் வேறு. கேபிள் மரத்தைச் சுற்றி வளைந்திருக்கும், சாக்கடைக்கு அடியில் இறங்கி ஏறியிருக்கும், எங்காவது உபரியாக ஒரு வளையம் சுருட்டி வைத்திருப்பார்கள். ஆகவே வண்டியில் இருந்த தம்பர் கருவியை இணைத்தார்கள். அது சில ஆயிரம் வோல்ட்டைச் சேர்த்து வைத்து, சில விநாடிகளுக்கு ஒருமுறை கேபிளுக்குள் கொட்டும். ஒவ்வொரு தடவையும் பழுதான இடத்தில் மண்ணுக்கு அடியில் பொறி வெடிக்கும். மேலே அது 'டொப்' என்று மெல்லக் கேட்கும்.

எங்களோடு இருந்த ஜாயிண்டர் தங்கவயல்காரர். அவர் தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1902இல் சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து சுமார் 148 கிலோமீட்டர் கம்பி இழுத்து அந்தச் சுரங்கங்களுக்குத்தான் முதலில் மின்சாரம் கொண்டுபோனார்கள். அன்றைக்கு அது உலகத்தின் மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று. பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்தது அதற்குப் பின்னால், 1905 ஆகஸ்ட் 5ஆம் தேதி. ஜாயிண்டர் காதில் ஹெட்போனும் கையில் தரையில் வைக்கும் மைக்குமாக நடைபாதையில் மண்டியிட்டு நகர்ந்துகொண்டிருந்தார். ராத்திரி மூன்று மணி. நாய் குரைத்தால்கூடக் கையை உயர்த்தி எல்லாரையும் நிற்கச் சொல்வார்.

"இங்கதானே அண்ணே?"

"இல்லப்பா. சத்தம் லேட்டா வருது. இன்னும் நாலடி அந்தப் பக்கம்."

லேட் என்று அவர் சொன்னது கருவியில் தெரிகிற கணக்கு. பொறி வெடிக்கும் கணத்தில் காந்தப்புலம் உடனே மேலே வந்துவிடும், சத்தம் மண்ணைக் கடந்து மெதுவாக வரும். இரண்டுக்கும் இடைவெளி எங்கே மிகக் குறைவோ, அதற்கு நேர் கீழேதான் பழுது. மாரியம்மன் கோயில் சுவரைத் தாண்டி ஓர் இடத்தில் அவர் மைக்கை எடுக்காமல் அப்படியே இருந்தார். பிறகு சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

தோண்டியதும் கிடைத்தவை ஒரே மாதிரி மூன்று கேபிள்கள். இந்தத் தொழிலில் உயிர் போகிற இடம் இதுதான். செத்த கேபிள் எது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. பக்கத்துக் கேபிளில் 11,000 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும், மறுபக்கத்திலிருந்து கொடுத்த கரண்ட்டே அதில்தான் போய்க்கொண்டிருக்கும். மறுமுனையிலிருந்து ஒரு சிக்னல் அனுப்பி இதுதான் அந்தக் கேபிள் என்று உறுதி செய்ய வேண்டும். அதற்குப் பிறகும், எர்த் செய்த கூர்முனை ஒன்றைத் தள்ளி நின்று கேபிளுக்குள் இறக்கிய பின்தான் ரம்பம் வைக்க வேண்டும். அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டி அறுத்தவர்களில் சிலர் வீடு திரும்பியதில்லை.

அடையாளம் கண்ட கேபிளின் மண்ணைத் துடைத்துவிட்டு அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு விரல் நீளத்துக்கு வெளியுறை கிழிந்திருந்தது. உள்ளே கவசப் பட்டை செங்கல் நிறத்தில் துருவேறிப் பொடியாகி இருந்தது. அதன் நடுவில் பட்டாணி அளவுக்குக் கருகிய ஓட்டை. கிழிசலுக்கு மேலே, எரிந்தது போக மிச்சமாக, வீட்டு வயரிங்கில் சுற்றுகிற கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த டேப்பை நான் இன்னும் மறக்கவில்லை. யாரோ ஏதோ ஒரு வேலைக்காக அங்கே தோண்டியிருக்கிறார்கள். கடப்பாரை பட்டிருக்கிறது. பட்டது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பயத்தில் டேப்பைச் சுற்றி மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்கே சொல்லியிருந்தால், ஈரம் இறங்குவதற்கு முன் வெளியுறையைச் சரியான முறையில் அடைத்திருக்கலாம். வேலை அத்தோடு முடிந்திருக்கும். சொல்லாததால் கேபிளை அறுத்து, நனைந்த துண்டை வெட்டி எறிந்து, நடுவில் புதுத் துண்டு போட்டு, இரண்டு முனையிலும் ஜாயிண்ட் போட வேண்டியதாயிற்று.

அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். ராய்ச்சூரிலிருந்தும் கலபுரகியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் கூலிக்கு வந்து குழி வெட்டுகிறவர் அவர். சொன்னால் கூலியில் பிடிப்பார்கள், மேஸ்திரி அடிக்க வருவார் என்றால் அவர் எப்படிச் சொல்வார்? உண்மையிலேயே ஃபால்ட் குறைய வேண்டுமென்றால், கேபிளில் அடிபட்டதும் தைரியமாகச் சொல்கிற ஆளுக்கு ஒரு கஷ்டமும் வராது என்ற உத்தரவாதத்தை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். நான் பார்த்தவரை அபராதம் மறைக்கத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது.

ஜாயிண்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். கேபிள் தொழிற்சாலையில் தூசி இல்லாத சூழலில், இயந்திரத்தில் செய்தது. ஜாயிண்ட் தெருவோரக் குழியில், ஒரு மனிதர் குனிந்து உட்கார்ந்து கையால் செய்வது. கேபிள் பாதையில் மிகப் பலவீனமான இடம் அதுதான். அண்ணன் முதலில் குழிக்கு மேல் தார்ப்பாய் கட்டச் சொன்னார், வானம் தெளிவாக இருந்தும். காப்பின்மேல் இருக்கும் கறுப்பு அரைக்கடத்திப் படலத்தை அளந்து வெட்டினார். கத்தி அரை மில்லிமீட்டர் ஆழமாகப் போனால் பால் நிற அடுக்கில் கீறல் விழும். அந்தக் கீறலில் காற்று தங்கும், காற்றில் நுண்ணிய பொறிகள் ஓயாமல் வெடித்து ஒருநாள் ஓட்டை போடும். கறுப்புத் துணுக்கு ஒன்று மிச்சம் இருந்தாலும் அதே கதி. பிறகு துடைத்தார். எப்போதும் உலோக முனையிலிருந்து கறுப்புப் படலத்தை நோக்கித்தான் துடைக்க வேண்டும். திருப்பித் துடைத்தால் கறுப்பு மை காப்பின்மேல் ஏறிவிடும். ஒருமுறை துடைத்த துணியை மறுபடி தொடுவதில்லை. நெற்றி வியர்வை சொட்டாமல் இருக்கத் தலையில் துண்டு கட்டியிருந்தார். அதன் பிறகு இரண்டு கடத்தி முனைகளையும் சேர்க்கும் ஃபெரூல் குழாயை வைத்து அழுத்துவது, மின்புலத்தைச் சீராகப் பரப்பும் குழாயை ஏற்றுவது, மேல் குழாய்களைக் காஸ் தீயில் சமமாகச் சுருக்குவது, செம்புப் பின்னலால் எர்த்தைத் தொடர்வது.

இதெல்லாம் நடக்கும்போது ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. "எப்ப வரும்? எப்ப வரும்?" மூன்று கோர்கள், இரண்டு ஜாயிண்ட். அரை மணி நேரம் மிச்சம் பிடிக்க ஒரு துடைப்பைத் தவிர்த்தால், இரண்டு வருடம் கழித்து அதே குழியைத் தோண்ட வேண்டியிருக்கும். ஜாயிண்ட் போடுகிற இடத்துக்கு அதிகாரிகளின் ஃபோன் போகாமல் பார்த்துக்கொள்வதே ஒரு தடுப்பு நடவடிக்கை என்று நான் சொல்வேன்.

முடிந்ததும் சோதனை. பழைய வழக்கப்படி உயர் டி.சி. வோல்டேஜ் ஏற்றினால், வயதான எக்ஸ்.எல்.பி.இ. கேபிளில் மின்னூட்டம் உள்ளேயே தங்கி, அதுவே அடுத்த பழுதுக்கு விதையாகிவிடும். அதனால் 0.1 ஹெர்ட்ஸ் என்ற மிக மெதுவான அலையால் சோதிக்கிறார்கள். அதுதான் சரி.

பெங்களூரில் இப்போது மேலே போகும் 11 கே.வி. கம்பிகளைப் பெருமளவில் மண்ணுக்கு அடியில் கொண்டுபோகிறார்கள். இது தேவை. 2023 நவம்பர் 19ஆம் தேதி விடியற்காலை வைட்ஃபீல்டின் ஹோப் ஃபார்ம் சந்திப்புக்கு அருகே, அறுந்து நடைபாதையில் கிடந்த 11 கே.வி. கம்பியை மிதித்து ஓர் இளம் தாயும் அவர் கைக்குழந்தையும் இறந்தார்கள். கம்பி தரையைத் தொட்டும் ஏன் டிரிப் ஆகவில்லை என்று பலர் கேட்கிறார்கள். காய்ந்த சிமெண்டும் கல்லும் கரண்ட்டை அவ்வளவாகக் கடத்தாது. வழிகிற கரண்ட் குறைவாக இருந்தால் துணை மின்நிலையத்தில் பழுதைக் கவனித்து டிரிப் செய்யும் ரிலேவுக்கு அது சாதாரண லோடு மாதிரிதான் தெரியும், கம்பி உயிரோடே கிடக்கும். அதனால் கீழே கிடக்கும் எந்தக் கம்பியையும் உயிருள்ளதாகவே நினைத்துக் குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். குச்சியால் தள்ளிப் பார்க்க வேண்டாம். பக்கத்தில் மாட்டிக்கொண்டால் கால்களைச் சேர்த்து, தரையை விட்டு எடுக்காமல் தேய்த்தபடி விலகுங்கள். எட்டி நடந்தால் இரு பாதங்களுக்கும் இடையே வோல்டேஜ் வித்தியாசம் வந்துவிடும். 1912க்கு ஃபோன் செய்யுங்கள். தோண்டும் வண்டியின் கை கேபிளில் பட்டால் ஓட்டுநர் இருக்கையிலேயே இருக்க வேண்டும், வண்டி தீப்பிடித்தால் ஒழிய இறங்கக்கூடாது.

கம்பி மண்ணுக்குள் போனதும் ஆபத்து போய்விடுவதில்லை, ஆள் மாறுகிறது. மேலே மரக்கிளை, கீழே ஜே.சி.பி. பெங்களூர் நடைபாதைக்கு அடியில் குடிநீர், சாக்கடை, காஸ், ஆப்டிக் ஃபைபர் எல்லாமே அதே இரண்டு மீட்டர் அகலத்துக்குள் நெருக்கியடிக்கின்றன. இந்தியத் தர விதி ஐ.எஸ். 1255 படி 11 கே.வி. கேபிளுக்கு 0.9 மீட்டர் ஆழம் வேண்டும். மணல் படுக்கை, மேலே செங்கல் அல்லது பலகை, அதற்கும் மேலே எச்சரிக்கை நாடா. தோண்டுகிறவர் கண்ணில் நாடா முதலில் படும், கடப்பாரை செங்கலில் முதலில் இடிக்கும். இவை இல்லாமல் முழங்கால் ஆழத்தில் வெறும் மண்ணில் கிடக்கும் கேபிள்களை நானே பார்த்திருக்கிறேன். பாறை தட்டினால் ஆழத்தைக் குறைக்கிற ஆசை வந்துவிடுகிறது. தெருவைத் தோண்டாமல் பக்கவாட்டில் துளை போட்டு ஃபைபர் இழுக்கும் இயந்திரம் இன்னும் மோசம். அதன் முனைக்கு நாடாவும் தெரியாது, செங்கலும் தெரியாது.

ரெசிடென்சி ரோடு, கன்னிங்ஹாம் ரோடு போன்ற, டெண்டர் ஷ்யூர் என்ற திட்டத்தில் புதுப்பித்த சாலைகளில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய்ப் பாதை கொடுத்திருக்கிறார்கள். புதுக் கேபிள் இழுக்கச் சாலையை வெட்ட வேண்டியதில்லை. எல்லாத் தெருவுக்கும் அது வர நாளாகும். தோண்டும் முன் சம்பந்தப்பட்டவர்களைக் கேட்பதற்கு மத்திய அரசு 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. யாரைக் கேட்பது என்று அது சொல்லும். கேட்கப்பட்டவர் கையில் சரியான வரைபடம் இருந்தால்தான் பதில் சரியாக வரும். கேபிள் எங்கே போக வேண்டும் என்று போட்ட வரைபடமும், கடைசியில் உண்மையிலேயே எங்கே போனது என்பதும் பல இடங்களில் வேறு வேறு. எனவே இயந்திரம் இறங்கும் முன் கையால் ஒரு சோதனைக் குழி வெட்டிப் பார்ப்பதை எந்தச் செயலிக்காகவும் விட்டுவிடக் கூடாது.

அல்சூர்க் குழியை மூடும்போது மறுநாள் மதியம் ஆகிவிட்டது. மூடும் முன் அண்ணன் அளக்கிற டேப்பை நீட்டி இரண்டு ஜாயிண்ட்களுக்கும் தூரம் எடுத்தார். நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த மொபைல் கடையின் பெயரை எழுதப்போனேன்.

"கடைப் பேரு வேணாம்பா, நாளைக்கே மாறிடும். மரமும் வேணாம், வெட்டிடுவாங்க. கோயில் சுவர் மூலையிலருந்து அள. அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர் மேடையிலருந்து ஒண்ணு. ரெண்டு பக்கத்துலருந்தும் அளந்தாதான் புள்ளி கிடைக்கும்."

4.2 மீட்டர், 11.6 மீட்டர், ஆழம் 0.9. தேதி, ஜாயிண்ட் போட்டவர் பெயர். குழி திறந்திருக்கும்போதே ஃபோட்டோ. பிறகு மணலைக் கொட்டச் சொல்லி, செங்கலை ஒவ்வொன்றாக அவரே அடுக்கினார்.